எதிர் நிறம் காட்டும் அட்டைச் சக்கரம்: ஒன்றரை வருஷம் கையில் வைத்திருந்த பிறகு

கல்யாணப் பத்திரிகை அட்டை எடுக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போன ஒரு நாள், பக்கத்துச் சந்தில் இருக்கும் ஓவியச் சாமான் கடையில்தான் இதை முதலில் பார்த்தேன். பிரஷ் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக வட்ட அட்டைகள், நடுவில் ஒரு உலோகக் குமிழ், விரலால் தள்ளினால் சுழலும். ஓரத்தைச் சுற்றி 12 நிறம். விலை 500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு அட்டைக்கு இவ்வளவா என்று மாட்டிய இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, இதற்காகவே பஸ் ஏறி அதே கடைக்குப் போனேன். இடையில் நடந்ததைச் சொன்னால்தான் ஒரு அட்டையைப் பற்றி இத்தனை நீளமாக ஏன் எழுதுகிறேன் என்று புரியும்.

நான் திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிசைன் வேலை பார்க்கிறேன். பத்திரிகை, வளைகாப்பு அழைப்பு, விசிட்டிங் கார்டு, கடை போர்டு, ஸ்வீட் டப்பாவுக்கு லேபிள். காலேஜில் படித்து வந்த தொழில் இல்லை. டி.டி.பி. சென்டரில் டைப் அடிக்கச் சேர்ந்து, பக்கத்து ஸீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. நிறத்தை எப்போதும் கண்ணளவில்தான் எடுப்பேன். ஸ்கிரீனில் நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிடுவேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு பூக்கடை அக்கா இருக்கிறார். முகூர்த்த மாலைக்கு ஆர்டர் எடுக்கிறவர். விசிட்டிங் கார்டு போட்டுக் கொடு என்று கேட்டார். பூ என்றால் இலையும் உண்டு என்று முழுப் பச்சையில் தளம் போட்டு, அதன் மேல் ரோஜாச் சிவப்பில் பெயரை எழுதினேன். ஸ்கிரீனில் பளிச்சென்று இருந்தது. அவருக்கும் பிடித்தது. 1000 கார்டு ஆஃப்செட்டில் அடித்து வந்தது. கட்டைப் பிரித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெயரைப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கின. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஓரத்தில் மயிரிழை அளவுக்கு மஞ்சள் கோடு, மறு ஓரத்தில் கறுத்த கோடு.

காரணம் பிறகுதான் புரிந்தது. நான்கு கலர் அச்சில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மஜெந்தா என்ற ஊதாச் சிவப்பு மையும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பு. சயான் என்ற பச்சை கலந்த நீல மையும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. எழுத்து விழும் இடத்தில் சயானை வெட்டி எடுத்துவிட்டு அங்கே மஜெந்தா விழ வேண்டும். ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட்; அது இம்மி நகர்ந்தாலும் ஒரு பக்கம் இரண்டும் இல்லாமல் அடியில் உள்ள மஞ்சள் மட்டும் எட்டிப் பார்க்கும். மறு பக்கம் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கறுத்துப் போகும். அச்சகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அளவு நகர்வு எந்த மெஷினிலும் வரும். அதைத் தாங்காத நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

அக்கா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "பரவால்லமா, குடு, நான் வெச்சிக்கிறேன்" என்றார். அதுதான் இன்னும் வலித்தது. என் செலவில் மறுபடி அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே போய் இந்தச் சக்கரத்தை வாங்கினேன்.

இனி சக்கரம். உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல் நுனியைத் தாண்டாது; கைப்பைக்குள் அடங்கிவிடும். முன்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதல் நிறங்கள். அவற்றுக்கு நடுவில் ஆரஞ்சு, பச்சை, ஊதா. அவற்றுக்கும் நடுவில் இன்னும் ஆறு. உள் அட்டையில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நிறத்தோடு மஞ்சள் சேர்த்தால், நீலம் சேர்த்தால், வெள்ளை சேர்த்தால், கறுப்பு சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்த ஜன்னல்களில் தெரியும். பின்பக்கத்தைத் திருப்பினால் நடுவில் ஒரு கோடு. எந்த நிறத்தில் ஒரு முனையை வைக்கிறோமோ, மறு முனை அதன் எதிர் நிறத்தைக் காட்டும். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. காசு கொடுத்து வாங்கியது இந்தக் கோட்டுக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எதிர் நிறம் என்பது யாரோ உட்கார்ந்து வைத்த பெயர் இல்லை, நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள். நல்ல சிவப்பில் ஒட்டும் பொட்டு ஒன்றை வெள்ளைத் தாளில் ஒட்டி, நல்ல வெளிச்சத்தில் அரை நிமிஷம் இமைக்காமல் பாருங்கள். பிறகு பக்கத்தில் வெறும் தாளைப் பாருங்கள். அங்கே நீலம் கலந்த பச்சையில் ஒரு பொட்டு மிதக்கும். கண்ணில் நிறம் உணரும் செல்கள் மூன்று வகை. சிவப்பை அதிகம் உணரும் வகை களைத்துப் போனதும் மற்ற இரண்டின் கை ஓங்குகிறது, அவ்வளவுதான். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் பச்சை உடுப்பு போடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் வெள்ளைத் துணிக்குத் திரும்பினால் பச்சைத் திட்டுகள் மிதக்கும். பச்சைத் துணியில் அவை தெரியாது.

ஆக, நான் செய்த பச்சை - சிவப்பு ஜோடி சக்கரத்தின்படி சரியான ஜோடிதான்! வாங்கிய அன்று ராத்திரி இதைப் பார்த்து எனக்குக் குழப்பமாகிவிட்டது. சரியான எதிர் நிறம்தானே போட்டேன், பிறகு ஏன் கெட்டது?

விடை சக்கரத்தின் ஒரு ஓரத்தில்தான் இருந்தது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக ஒரு சாம்பல் பட்டை அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, என் கார்டை மொபைலில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். எழுத்தும் தளமும் ஒரே சாம்பல். பெயரே காணவில்லை. எழுத்தின் விளிம்பைக் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளுப்பு, அடர்த்தி வித்தியாசத்தை வைத்துத்தான். அது ஒன்றாக இருந்து நிறம் மட்டும் நேர் எதிராக இருந்தால் விளிம்பு நடுங்கும். சிவப்பும் பச்சையும் முழு வீரியத்தில் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. மஞ்சளும் ஊதாவும் அப்படி இல்லை. சக்கரத்திலேயே மிக வெளுத்தது மஞ்சள், மிக அடர்ந்தது ஊதா. அதனால்தான் ஊதாவில் மஞ்சள் எழுத்தைத் தூரத்திலிருந்தும் படிக்க முடிகிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்தச் சாம்பல் சோதனையை நான் இப்போது ஒரு வேலைக்கும் விடுவதில்லை. வெப்சைட் எழுத்துக்கு இதற்குக் கணக்கே இருக்கிறது: எழுத்துக்கும் தளத்துக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1.

பூக்கடை அக்காவுக்கு மறுபடி போட்ட கார்டைச் சொல்கிறேன். அவர் கடையில் மல்லிக்குப் பக்கத்தில் எப்போதும் கனகாம்பரச் சரம் இருக்கும். கனகாம்பரத்தைச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தேன், சிவப்பும் ஆரஞ்சும் கலந்த கட்டத்தில் உட்கார்ந்தது. கோட்டின் மறு முனை நீலம் கலந்த பச்சை. அந்தப் பச்சையை நன்றாக அடர்த்தியாக்கித் தளம் போட்டேன். பெயர் மல்லிகை வெள்ளையில். கனகாம்பர நிறத்தில் மூன்றே மூன்று சின்னப் பூ, ஒரு மூலையில். அவ்வளவுதான். கார்டைக் கையில் வாங்கியவர்களின் கண் முதலில் அந்த மூன்று பூவுக்குப் போய், அங்கிருந்து பெயருக்கு வருகிறது. அக்கா அதைப் பணப்பெட்டிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார்.

எதிர் நிறத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். எவ்வளவு போடுவது, எவ்வளவு அடர்த்தியில் போடுவது என்பது மீதி. அந்த மீதியைச் சக்கரம் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது தி.நகரில் ஒரு பட்டுக்கடை.

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தப் புடவை எடுக்க நானும் அம்மாவும் அக்காவும் அவளும் பனகல் பார்க் பக்கம் போனோம். சக்கரம் என் கைப்பையில். பட்டு செக்‌ஷனில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை. எடுத்துப் போட்டவர் 30 வருஷமாக அந்த வேலையில் இருக்கிறவர். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "செல்ஃபா, காண்ட்ராஸ்டாம்மா?"

இந்த ஒரு கேள்வியில் நிறவியல் பாதி அடங்கிவிடுகிறது. உடலும் பார்டரும் ஒரே நிறமென்றால் செல்ஃப். வேறு நிறமென்றால் காண்ட்ராஸ்ட். காஞ்சிபுரம் தறியில் காண்ட்ராஸ்ட் பார்டர் என்பது சும்மா வருவதில்லை. கோர்வை என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை), இரண்டு பக்க பார்டருக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று நாடா ஓட்டி, சேரும் இடத்தில் இழையை இழையோடு கோத்து நெய்வார்கள். மரபாக, நெய்கிறவரோடு உதவிக்கு இன்னொருவரும் உட்காருவார். இவ்வளவு சிரமப்பட்டு ஒரு எதிர் நிறத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த எதிர் நிறத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு என்ன என்று யோசிக்க வேண்டும்.

அவர் ஒவ்வொன்றாக விரிக்க, நான் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கிளிப்பச்சை உடலுக்கு வாடாமல்லி பார்டர். சக்கரத்தில் மஞ்சள் பச்சைக்கு நேர் எதிரே சிவப்பு கலந்த ஊதா, அச்சாக வாடாமல்லி. மாம்பழ மஞ்சளுக்கு நீலம் ஓடிய கத்திரிப்பூ. அதுவும் நேர் எதிர். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாட்டி பீரோவிலிருந்து பார்த்துப் பழகிய ஜோடிகள் எல்லாம் இந்த அட்டையில் கோடு போட்டது போல எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன.

அவரும் ஆர்வமாகச் சக்கரத்தை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல அரக்கு எங்கம்மா இருக்கு?"

இல்லை. அரக்கு இல்லை. மயில் கழுத்து இல்லை. வெங்காயத்தாள் இல்லை, பாக்கு நிறம் இல்லை, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ இல்லை. சிவப்போடு கறுப்பு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஜன்னல் காட்டுகிறது. அது செத்த சிவப்பு, அரக்கு அல்ல. வீட்டுக்கு வந்து போஸ்டர் கலரில் கலந்து பார்த்தேன். சிவப்போடு கறுப்புக்குப் பதில், அதன் எதிர் நிறமான பச்சையைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் நிறம் அடங்குகிறது, ஆனால் உயிர் போவதில்லை. நாலாவது சொட்டில் அம்மா எட்டிப் பார்த்து "இது அரக்காச்சே" என்றாள். எதிர் நிறத்தைப் பக்கத்தில் வைத்தால் ஏற்றும், உள்ளே கலந்தால் அடக்கும். இந்த இரண்டாவது குணத்தைச் சக்கரத்தோடு வரும் துண்டுச் சீட்டில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

கடைக்குத் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் சண்டை வேறு நடந்துகொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு வெளிர் பிஸ்தாப் பச்சைதான் வேண்டும். "சித்தி, பேஸ்டல்தான் இப்ப எல்லாரும் கட்றாங்க. ப்ளீஸ், பாட்டிகிட்ட சொல்லுங்க." அம்மாவுக்கு அரக்கைத் தவிர வேறு எதுவும் முகூர்த்தப் புடவை இல்லை. "மணையில உக்காந்தா முகம் தெரிய வேணாமா? வெளுத்த புடவைல பொண்ணே மறைஞ்சு போவா." இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் சக்கரத்தைப் பார்த்தேன். பிஸ்தா என்பது பச்சையோடு வெள்ளை. அரக்கு என்பது சிவப்பு அடங்கியது. ஒன்றுக்கொன்று எதிர்தான். அதுவும் ஒன்று வெளுப்பு, ஒன்று அடர்த்தி. என் விசிட்டிங் கார்டில் இல்லாத அந்த வித்தியாசம் இங்கே இருக்கிறது. "அண்ணா, பிஸ்தா உடம்பு, அரக்கு பார்டர் இருக்கா?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து போய் மூன்றாவது அடுக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்து விரித்தார்.

அந்தப் புடவையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட ஆசைப்படுகிறேன். புடவை அகலம் ஏறக்குறைய 48 அங்குலம். அரக்கு பார்டர் ஒரு பக்கம் 6 அங்குலம் இருக்கும். பிஸ்தாவும் அரக்கும் சேரும் இடத்தில் அவை நேராக முட்டிக்கொள்ளவில்லை. நடுவில் சன்னமாக ஒரு சரிகைக் கோடு ஓடியது. அதற்குமேல் வரிசையாகக் கோபுர முனைகள். விரலால் அந்தக் கோட்டை மறைத்துப் பார்த்தேன். மறைத்த இடத்தில் இரண்டு நிறமும் ஒன்றையொன்று தள்ளின. விரலை எடுத்ததும் அமைதியாகிவிட்டது. எதிர் நிறங்களுக்கு நடுவில் இரண்டையும் சேராத ஒரு கோடு போட்டால் விளிம்பு நடுங்காது என்பதை நான் அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் கற்றேன். இப்போது போர்டு டிசைனில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும் என்று கஸ்டமர் பிடிவாதம் பிடித்தால், நடுவில் வெள்ளையோ தங்க நிறமோ ஒரு கோடு ஓட்டிவிடுகிறேன்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் கவிஞர் கதே நிறத்தைப் பற்றி 1810-இல் பெரிய நூலே எழுதியவர். அவர் பெயரில் வழங்கும் ஒரு கணக்கின்படி, எந்த நிறம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு குறைவாக அதைப் போட வேண்டும். மஞ்சள் ஒரு பங்கு என்றால் ஊதா மூன்று பங்கு, ஆரஞ்சு ஒரு பங்குக்கு நீலம் இரண்டு, சிவப்பும் பச்சையும் சரிபாதி. நான் கொஞ்ச நாள் இதைப் பின்பற்றிப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் சரிபாதி போட்ட ஒரு பத்திரிகை உறை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல இருந்தது. நம் புடவை வேறு வழியில் போகிறது. ஒரு நிறம் ஆளும். மற்றது ஓரத்தில் நின்று அதை ஏற்றிக் காட்டும். மாம்பழ மஞ்சள் உடலில் கத்திரிப்பூ பார்டர் ஓரமாக மட்டும்தான், மூன்று பங்கெல்லாம் இல்லை. இருந்தும் எந்தக் குறையும் தெரியவில்லை. சமநிலை வேண்டுமென்றால் கதே கணக்கு. முகத்தைக் காட்ட வேண்டுமென்றால் காஞ்சிபுரத்துக் கணக்கு. நான் இரண்டாவதன் பக்கம்.

கடைக்காரர் இன்னொன்றும் காட்டினார். மயில் கழுத்துப் பட்டு ஒன்றை விளக்குக்கு நேராகச் சாய்த்து, "பாவு ஒரு கலரு, ஊடை ஒரு கலரும்மா" என்றார். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. சக்கரத்தில் அவை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதனால் கலந்தாலும் ஒளி குறையவில்லை. பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பாவு, பச்சை ஊடைப் பட்டு. மடிப்பில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை என்று அழகாகத் திரும்புகிறது. தட்டையாக விரித்துத் தள்ளி நின்று பார்த்தால் பழுப்பு ஓடுகிறது. எதிர் நிறங்கள் அகலமான பட்டையாகப் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று ஏற்றும். மெல்லிய இழையாகப் பின்னிக்கொண்டால் ஒன்றையொன்று அணைக்கும்.

இதை ஐரோப்பாவில் முதலில் விரிவாக எழுதியவரும் நெசவோடு சம்பந்தப்பட்டவர்தான் என்று அறிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அங்கே கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று புகார். சாயத்தைச் சோதித்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளுத்துக் காட்டின. நிறம் நூலில் மட்டும் இல்லை, அடுத்த நூலிலும் இருக்கிறது என்று கண்டு, 1839-இல் அதை ஒரு விதியாகவே நூலில் எழுதி வெளியிட்டார். 102 வயது வரை இருந்தார். நிறமாலையை வளைத்து முதலில் வட்டமாக்கியது நியூட்டன், 1704-இல். ஆனால் என் மரியாதை சாயத்தொட்டி பக்கம் நின்ற ஷெவ்ரலுக்குத்தான் அதிகம்.

கடைசியில் அந்தப் பிஸ்தாவைக் கடை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அம்மா எந்தப் புடவையையும் வெயிலில் காட்டாமல் பில் போட விடமாட்டாள். உள்ளே எல்.இ.டி. வெளிச்சத்தில் அரக்காக இருந்தது, வெளியே நாவல்பழச் சாயல் காட்டியது. பிஸ்தா அப்படியே இருந்தது. அந்த நாவல்பழச் சாயல் அம்மாவுக்கு இன்னும் பிடித்துவிட்டது. சக்கரத்தையும் அப்படியே வெளிச்சத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். டியூப் லைட் அடியில் ஒப்பிட்டு எடுத்த ஒரு ப்ளவுஸ் பிட் எனக்கு ஏற்கெனவே வீணாகியிருக்கிறது.

இனி இந்தச் சக்கரத்தின் குறைகள். பெரிய குறை, கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களைக் குழப்பும். இது சாயம் கலக்கிறவர்களுக்காகப் போட்ட சக்கரம். ஸ்கிரீனில் நிறம் வருவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால். அங்கே சிவப்புக்கு எதிர் சயான், பச்சைக்கு எதிர் மஜெந்தா, நீலத்துக்கு எதிர் மஞ்சள். சக்கரத்திலோ நீலத்துக்கு ஆரஞ்சு. எது சரி என்று கேட்டால், எதில் கலக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும் ஆடும்போது டி.வி.யில் மஞ்சள் ஜெர்சியும் நீல ஜெர்சியும் ஒன்றையொன்று எப்படிப் பிரித்துக் காட்டுகின்றன, பாருங்கள். ஒளியின் கணக்கில் அவை நேர் எதிர் நிறங்கள். பிரஷ்ஷும் துணியும் பூவும் என்றால் அட்டைச் சக்கரம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டா போஸ்ட் என்றால் சாஃப்ட்வேரில் வரும் சக்கரம். இந்த வித்தியாசத்தை உறையில் ஒரு வரி எழுதியிருந்தால் முதல் மாதத்தில் நான் பட்ட குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

பின்பக்கத்தில் முக்கோணம், சதுரம், செவ்வகம் என்று மூன்று நிறம், நான்கு நிறம் சேர்க்கவும் கோடு போட்டிருக்கிறார்கள். நான்கு நிறத்தை நான் இதுவரை ஒரு வேலையிலும் வெற்றிகரமாகப் பயன்படுத்தவில்லை. ஆனால் எதிர் நிறத்தை விட்டுவிட்டு அதன் இரண்டு பக்கத்து நிறங்களை எடுக்கச் சொல்லும் கவட்டைக் கோடு ஒன்று உண்டு, அது அருமை. நீலத்துக்கு நேர் ஆரஞ்சு கடுமையாக இருந்தால், மஞ்சள் ஆரஞ்சும் சிவப்பு ஆரஞ்சும். எம்.எஸ். ப்ளூ புடவைக்குத் தலையில் கனகாம்பரமும் கழுத்தில் பொன்னும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்கு இதுதான் விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா எழுத்தும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஏரியா டெய்லர் அக்காவுக்குக் கொடுத்தபோது நானே ஒவ்வொரு நிறத்துக்குப் பக்கத்திலும் சின்ன ஸ்டிக்கரில் தமிழில் எழுதி ஒட்டினேன்: மிளகாய்ப்பழம், கனகாம்பரம், மாம்பழம், கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்திரிப்பூ. அவர் இப்போது ப்ளவுஸுக்குப் பைப்பிங் கலர் எடுக்க என்னிடம் கேட்பதில்லை. "கிளிப்பச்சைக்கு எதிர்ல வாடாமல்லி வருதுக்கா, வெச்சிடவா?" என்று கஸ்டமரிடம் அவரே கேட்கிறார். யாராவது இதைத் தமிழில், நம் நிறப் பெயர்களோடு, அரக்கும் மயில் கழுத்தும் சேர்த்து அச்சிட்டால் முதல் ஆளாக பத்து வாங்குவேன்.

அச்சுத் தரம் சுமார். மஞ்சள் ஆரஞ்சும் ஆரஞ்சும் என் பிரதியில் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒட்டி இருக்கின்றன. டெய்லர் அக்காவுக்கு வாங்கிய பிரதியில் அந்த வித்தியாசம் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே ஆன்லைனில் வாங்காமல் கடைக்குப் போய் இரண்டு மூன்றை விரித்துப் பார்த்து எடுப்பது நல்லது. குமிழ் நடுவில் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; தளர்ந்தால் ஜன்னல் கட்டத்தை விட்டு நகர்ந்து பக்கத்து நிறத்தைக் காட்டும்.

பெரிய அளவிலும் ஒன்று வருகிறது, அது மேஜையில் வைத்துக்கொள்ளத்தான். புடவைக்கடைக்கும் பூக்கடைக்கும் சின்னதுதான் தோது. என்னுடையதை முதல் ஆறு மாதம் ஜன்னல் ஓரம் மாட்டி வைத்திருந்தேன். வெயில் பட்ட பாதியில் சிவப்பு வெளிறி ரோஜாவாகிவிட்டது. இப்போது பத்திரிகை மாதிரிகள் வைக்கும் ஃபைலில், இரண்டு கறுப்பு அட்டைக்கு நடுவில் இருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் தடவிய விரல் பட்ட கறை ஒன்று உண்டு, மாதிரிப் பத்திரிகைக்கு மஞ்சள் வைத்த கையோடு எடுத்ததால். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன்; கறையோடு சேர்ந்து அந்தக் கட்டத்தின் ஊதாவும் லேசாக வந்துவிட்டது. காய்ந்த துணியைத் தவிர வேறு எதையும் இதன் மேல் வைக்காதீர்கள்.